பிளாட்டர்ஸ் பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாட்டர்ஸ் குழுவின் பாடல்களைத் தேடிக் கேட்கிறவர்களும் மேடையில் பாட முயல்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளிதில் தொடங்கிச் சிக்கலுக்குப் போகிறது. புதிதாக வருகிறவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பிளாட்டர்ஸ்னா யாரு? எந்தக் காலத்துக் குழு?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1950-களின் தொடக்கத்தில் உருவான கறுப்பினக் குரல் குழு. கருவி வாசிப்பவர்கள் வேறு ஆட்கள். குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் பாடுவதுதான் வேலை. டோனி வில்லியம்ஸ் முதன்மைக் குரல், உச்சத்தில் பாடும் டெனர். டேவிட் லிஞ்ச் இரண்டாம் டெனர், பால் ரோபி இடைப்பட்ட ஆண்குரலான பாரிடோன், ஹெர்ப் ரீட் அடிக்குரலான பேஸ். ஸோலா டெய்லர் ஒரே பெண், தாழ்ந்த பெண்குரலான கான்ட்ரால்ட்டோ. ஆரம்பத்தில் வேறு சிலர் இருந்தார்கள். ஆனால் உலகம் அறிந்த பாடல்கள் எல்லாம் இந்த ஐவர் பாடியவை.

மேலாளர் பக் ராம். பாடல் எழுதுவது, இசைக்கோப்பு செய்வது, ஒப்பந்தம் பேசுவது எல்லாம் அவர்தான். மெர்குரி நிறுவனத்துக்காக 1955 முதல் 1960 வரை பதிவானவைதான் குழுவின் பொற்காலம். கீழே "மெர்குரி பதிவு" என்று வரும் இடமெல்லாம் அவற்றையே குறிக்கும்.

2. அஞ்சு பாட்டுதான் கேட்க நேரம் இருக்குன்னா எது எது கேட்கணும்?

"ஒன்லி யூ" (1955), "தி கிரேட் பிரிடெண்டர்" (1955 இறுதி), "மை பிரேயர்" (1956), "ட்விலைட் டைம்" (1958), "ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்" (1958 இறுதி). இந்த வரிசையிலேயே கேளுங்கள். முதல் இரண்டில் குழு தன் குரலைக் கண்டுபிடிக்கிறது. அடுத்த இரண்டில் பழைய நடனக்கூடப் பாட்டுகளைத் தன்வசமாக்குகிறது. ஐந்தாவதில் எல்லாம் ஒன்றுசேர்கிறது.

ஒன்றே ஒன்றுதான் என்றால் எங்கள் தேர்வு "ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்". கடைசிச் சொல்லில் டோனி வில்லியம்ஸ் குரலை மேலே கொண்டுபோய் நிறுத்தும் இடத்துக்காகவே அந்தப் பாட்டைக் கேட்கலாம். கத்தல் இல்லை, திணறல் இல்லை. குரல் போய் நிற்கிறது, அவ்வளவுதான்.

3. "ஒன்லி யூ" நம்பர் ஒன் ஆச்சா இல்லையா? ஒரு இடத்துல 1னு இருக்கு, இன்னொரு இடத்துல 5னு இருக்கு.

இரண்டும் சரி. அன்றைய அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கேட்கும் இசைக்கு ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று தனிப் பட்டியல். பொதுச் சந்தைக்குப் பாப் பட்டியல். "ஒன்லி யூ" முதல் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது, பாப் பட்டியலில் 5 வரை போனது. அதே சமயம் ஹில்டாப்பர்ஸ் என்ற வெள்ளையர் குழு அதே பாட்டைப் பாடி வெளியிட்டது. அது பாப் பட்டியலில் 8. கறுப்பினக் குழுவின் பாட்டை வெள்ளையர் குழு உடனே நகலெடுத்து விற்பது அன்று வழக்கம். மூலமே நகலை முந்தியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல.

பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தவை நான்கு: "தி கிரேட் பிரிடெண்டர்", "மை பிரேயர்", "ட்விலைட் டைம்", "ஸ்மோக்". இதிலும் குழப்பம் வரும். 1958 ஆகஸ்ட்டில்தான் பில்போர்டு இதழ் ஹாட் 100 என்ற ஒரே பட்டியலுக்கு மாறியது. அதற்கு முன்பு கடை விற்பனைக்கு ஒன்று, வானொலி ஒலிபரப்புக்கு ஒன்று, ஜூக்பாக்ஸுக்கு ஒன்று என்று பல பட்டியல்கள் இருந்தன. ஒரே பாட்டுக்கு ஒரே வாரத்தில் மூன்று வேறு எண்கள் இருக்கலாம். எனவே நான்கில் "ஸ்மோக்" ஒன்றுக்குத்தான் குழப்பமில்லாத எண் உண்டு: 1959 ஜனவரியில் தொடங்கி மூன்று வாரம் ஹாட் 100-ன் முதலிடம். பிரிட்டனிலும் அதே ஆண்டு முதலிடம் பிடித்தது.

4. "ஒன்லி யூ" ஆரம்பத்துல குரல் விக்கல் மாதிரி உடையுதே, அது வேணும்னே பாடினதா?

ஒத்திகையில் தற்செயலாக வந்ததை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள். ஹெர்ப் ரீட் சொன்ன கணக்குப்படி, எத்தனையோ முறை பாடியும் பாட்டு சரியாக வரவில்லை. ஒருநாள் காரில் போகும்போது ஒத்திகை பார்க்க, வண்டி குலுங்கியதில் டோனியின் முதல் சொல் இரண்டாக உடைந்தது. எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அதுதான் வேண்டும் என்று முடிவானது. பக் ராம் சொன்னதில் கார் இல்லை. ஒத்திகையில் குரல் உடைந்தது, அதை வைத்துக்கொண்டோம் என்கிறார். இரண்டு கதையும் ஒரே முடிவுக்குத்தான் வருகின்றன.

அந்தப் பதிவில் பியானோ வாசிப்பவர் பக் ராமே. பிளாட்டர்ஸ் பதிவுகளில் அவர் வாசித்தது இது ஒன்றுதான் என்று சொல்லப்படுகிறது.

5. மெர்குரிக்கு முன்னாடியே இந்தப் பாட்டைப் பதிவு செஞ்சிருக்காங்களாமே?

ஆமாம். அதற்கு முன் குழு ஃபெடரல் என்ற சிறு நிறுவனத்தில் இருந்தது. அங்கே 1954-ல் "ஒன்லி யூ" பதிவானது. தரம் போதாது என்று அப்போது வெளியிடாமல் வைத்திருந்தார்கள். மெர்குரியில் 1955 ஏப்ரலில் மறுபடி பாடியதுதான் நாம் கேட்பது. அது பிரபலமானதும் ஃபெடரல் தன்னிடம் இருந்த பழைய பதிவை வெளியே விட்டது. ஆகவே சில தொகுப்புகளில் அது தலைகாட்டும். கேள்வி 4-ல் சொன்ன உடைந்த தொடக்கத்தையும், குழுவின் ஒட்டிய இழைவையும் வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம். ஃபெடரல் பதிவு கரடுமுரடாக, குரல்கள் தனித்தனியாக நிற்பதுபோல் கேட்கும்.

மெர்குரிக்கு இவர்கள் போன கதையும் இதோடு சேர்ந்தது. பக் ராம் பெங்குவின்ஸ் என்ற இன்னொரு குழுவுக்கும் மேலாளர். "எர்த் ஏஞ்சல்" என்ற பாட்டால் அவர்கள்தான் அப்போது புகழில் இருந்தார்கள். மெர்குரி கேட்டது அவர்களை. பிளாட்டர்ஸையும் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்று ராம் நிபந்தனை போட்டார். பெங்குவின்ஸுக்கு மெர்குரியில் ஒரு வெற்றிகூட அமையவில்லை. நிபந்தனைக்காக உள்ளே வந்த குழு நிறுவனத்தின் பெரிய பெயர்களில் ஒன்றானது.

6. "தி கிரேட் பிரிடெண்டர்" குளியலறையில எழுதினதுன்னு சொல்றது நிஜமா?

அப்படிச் சொன்னவர் பக் ராமே. "ஒன்லி யூ" ஓடிக்கொண்டிருந்தபோது அடுத்த பாட்டு என்ன என்று நெருக்கடி. லாஸ் வேகஸ் ஃபிளமிங்கோ ஹோட்டலின் கழிவறையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் எழுதியதாக அவர் கணக்கு. நிமிடத்தை நாம் சரிபார்க்க முடியாது. ஆனால் பாட்டின் அமைப்பைப் பார்த்தால் வேகமாக எழுதியிருக்க முடியும் என்றே தோன்றுகிறது: ஒரே ஒரு கருத்து, சிரித்தபடி நடிக்கும் காதலன்; எல்லா வரியும் அதையே சுற்றுகிறது.

7. இவங்க பாடினது சொந்தப் பாட்டா, பழைய பாட்டோட மறுபதிப்பா?

பாதிக்குப் பாதி. "ஒன்லி யூ", "தி கிரேட் பிரிடெண்டர்", "தி மேஜிக் டச்" (1956, பாப் பட்டியலில் 4) ஆகியவை பக் ராம் இவர்களுக்குத் தந்தவை. மற்றவற்றுக்கு நீண்ட முன்கதை உண்டு.

"மை பிரேயர்" மெட்டு ஜார்ஜ் பூலாஞ்சே என்ற ரொமானிய வயலின் கலைஞர் 1926-ல் அமைத்த வயலின் இசை. அதற்கு 1939-ல் ஜிம்மி கென்னடி ஆங்கில வரி எழுதினார். கிளென் மில்லர் வாத்தியக் குழுவும் இங்க் ஸ்பாட்ஸ் குழுவும் அந்த ஆண்டே பாடிவிட்டார்கள். பிளாட்டர்ஸ் வந்தது 17 ஆண்டு கழித்து. "ஹார்பர் லைட்ஸ்" (1937, பிளாட்டர்ஸ் பாடியது 1960, பாப் பட்டியலில் 8) பாட்டின் வரிகளும் அதே கென்னடி எழுதியவை, இசை ஹியூ வில்லியம்ஸ் என்ற புனைபெயரில் ஆஸ்திரியக்காரர் வில்ஹெல்ம் கிராஸ் அமைத்தது. "ட்விலைட் டைம்" 1944-ல் த்ரீ சன்ஸ் என்ற மூவர் குழுவின் வாத்திய இசையாகப் பரவியது. அதற்கு வரி எழுதியவர் பக் ராம்தான். பதினான்கு ஆண்டு கழித்துத் தன் பழைய சரக்கையே எடுத்துத் தன் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார். "ஸ்மோக்" 1933-ல் பிராட்வேயில் அரங்கேறிய "ரோபர்ட்டா" இசை நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் இசையமைத்து ஆட்டோ ஹார்பாக் எழுதியது.

1960, 1961-ல் வந்த "டு ஈச் ஹிஸ் ஓன்", "இஃப் ஐ டிட்ன்ட் கேர்", "ஐல் நெவர் ஸ்மைல் அகெய்ன்" மூன்றும் இங்க் ஸ்பாட்ஸ் முன்பே பாடிய பழைய பாடல்களே. இங்க் ஸ்பாட்ஸ் பெயர் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. உயரமான டெனர், பின்னால் மெல்லிய குரல்கள் என்ற அந்த வார்ப்பை இவர்கள் எடுத்து, அதன் அடியில் 1950-களின் தாளத்தைப் போட்டார்கள். தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே இசைத்தட்டை வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

8. எல்லாப் பாட்டுலயும் டோனி வில்லியம்ஸ்தான் முன்னணியா?

பிரபலமானவை எல்லாவற்றிலும் அவரே. விலக்குகளும் உண்டு. "ஹி'ஸ் மைன்" (1957) ஸோலா டெய்லர் முன்னின்று பாடியது. "சிக்ஸ்டீன் டன்ஸ்" பாட்டில் ஹெர்ப் ரீட்டின் பேஸ் குரலே முன்னணி. இந்த இரண்டையும் கேட்டுவிட்டுப் பிறகு "மை பிரேயர்" கேளுங்கள். பின்குரல்களில் யார் எங்கே நிற்கிறார் என்று காது தானாகப் பிரிக்கத் தொடங்கும்.

9. பின்னாடி விடாம "டிங் டிங் டிங்"னு போற பியானோ என்ன தாளம்?

மேற்கத்தியக் கணக்கில் 12/8. நம் கணக்கில் நான்கு அடி, ஒவ்வொரு அடியும் திஸ்ர நடை: தகிட தகிட தகிட தகிட. பியானோ வலது கை பன்னிரண்டையும் விடாமல் அடிக்கும். டிரம்ஸில் இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்னேர் என்ற சிறு முரசு விழும். "ஒன்லி யூ", "தி கிரேட் பிரிடெண்டர்" இரண்டுக்கும் இதுவே அஸ்திவாரம்.

கிடார் வாசிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அடிக்கு மூன்றாகப் பிரிக்காமல் இரண்டாகப் பிரித்து, மேலும் கீழுமாக வாசிப்பார்கள். பாட்டு உடனே நடைபோடத் தொடங்கிவிடும், ஊஞ்சல் போய்விடும். மூன்றும் கீழ்நோக்கிய மீட்டலாக, முதல் தட்டை மட்டும் சற்று அழுத்தி வாசியுங்கள். கை வலித்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம், குறையுங்கள். கீபோர்டில் தானியங்கித் தாளம் வைத்திருந்தால் "ஸ்லோ ராக்" என்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான கருவிகளில் அது 12/8 நடையே.

10. "ஒன்லி யூ"வுக்கு கார்டு சொல்லுங்க. நெட்டுல இருக்கிறது சரியா வரல.

சி சுருதியில் சொல்கிறோம், உங்கள் குரலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். முதல் பகுதி: சி, இ7, ஏ மைனர், சி7, எஃப், ஜி7, சி, ஏ மைனர், பிறகு டி7-ல் நின்று ஜி7 வழியாகத் திரும்ப வேண்டும். இரண்டாம் பகுதி சி, இ7, ஏ மைனர், சி7 வரை அதேதான். அதன்பின் எஃப், எஃப் மைனர், சி, ஏ7, டி7, ஜி7, சி என்று முடியும்.

சரியாக வராததற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். முதலாவது, இ7-க்குப் பதில் இ மைனர் வாசிப்பது. இ7-ல் உள்ள ஜி ஷார்ப்தான் அடுத்து வரும் ஏ மைனருக்குக் கதவைத் திறக்கிறது; இ மைனரில் அது கிடையாது, வரி தரையிலேயே நின்றுவிடும். இரண்டாவது, இரண்டாம் பகுதியில் எஃப் மைனரை விட்டுவிடுவது. எஃப் கார்டின் ஏ ஸ்வரம் அரைப்படி இறங்கி ஏ ஃபிளாட் ஆகும் அந்த இடத்தில்தான் பாட்டு நெகிழ்கிறது. பின்குரல் பாடுபவர்களில் ஒருவர் அந்த இறக்கத்தைக் குரலிலும் பாடினால் இன்னும் நல்லது.

11. "ஸ்மோக்" பாட்டு நடுவுல சுருதி மாறின மாதிரி இருக்கு. என் காது தப்பா?

காது சரியாகவே இருக்கிறது. கெர்ன் எழுதிய மூல அமைப்பிலேயே அது இருக்கிறது. அச்சான இசைத்தாளில் பாட்டு இ ஃபிளாட்டில் போகும். மூன்றாம் பகுதியில் பி மேஜருக்குத் தாவி, கடைசிப் பகுதிக்கு மறுபடி இ ஃபிளாட்டுக்கு வரும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால், பழைய சுருதியின் சுத்த தைவதம் புதிய ஷட்ஜமாகிறது. கிரக பேதம்போல ஸ்வரங்கள் அப்படியே இருப்பதில்லை. ஷட்ஜமும் மாறுகிறது, ஸ்வரங்களும் மாறுகின்றன.

பாடுகிறவர்கள் விழும் இடம் திரும்பிவரும் வழிதான். போகும்போது கார்டு தாங்கிக்கொள்ளும். வரும்போது முதல் ஸ்வரத்தை மனதில் முன்பே பிடித்திருக்க வேண்டும். மூன்றாம் பகுதியின் கடைசி வரியையும் நான்காம் பகுதியின் முதல் வரியையும் மட்டும் சேர்த்துப் பத்துத் தடவை, துணைக்கருவி இல்லாமல் பாடிப் பழகுங்கள். முழுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாடுவதால் இந்த இடம் சரியாகாது.

12. நாங்க அஞ்சு பேர் சேர்ந்து மேடையில பாடப் போறோம். எப்படிப் பிரிச்சுக்கணும்?

முதலில் சுருதி. முன்னணிக் குரலின் உச்ச ஸ்வரத்தை வைத்துத் தீர்மானியுங்கள், தொடக்கத்தை வைத்து அல்ல. "ஸ்மோக்" பாடுவதானால் கடைசிச் சொல்லை முதலில் பாடிப் பாருங்கள். அது நெருக்கினால் இரண்டு அல்லது மூன்று அரைப்படி இறக்குங்கள். டோனி வில்லியம்ஸின் சுருதியிலேயே பாடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் கடைசி வரி கத்தலாக முடியும்.

பின்குரல் நால்வரும் பெரும்பாலும் "ஊ", "ஆ" என்ற நீண்ட ஒலிகளைத்தான் பிடிக்கிறார்கள். பேஸ் கார்டின் அடி ஸ்வரம்; மற்ற மூவரும் மீதி ஸ்வரங்களை நெருக்கமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பெண்குரல் இருந்தால் உயரத்தில் தனியாக மிதக்க விடாமல், ஸோலா டெய்லர்போல டெனருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பின்னால் பாடுபவர்கள் குரலை அசைக்கக் கூடாது. நால்வரும் அசைத்தால் கார்டு கலங்கிவிடும். அசைவு முன்னணிக் குரலுக்கு மட்டும். மூச்சும் ஒரே இடத்தில் எடுக்காதீர்கள். இருவர் வரியின் நடுவில், இருவர் வரியின் முடிவில் என்று பேசிவைத்துக்கொண்டால் ஒலி அறுபடாது.

மைக் ஐந்து வேண்டாம். முன்னணிக்கு ஒன்று, நால்வருக்கும் சேர்த்து ஒன்று. நால்வரும் அரைவட்டமாக நின்று, சத்தம் அதிகமாகக் கேட்கும் ஆள் ஓரடி பின்வாங்கினால் போதும். ஆளுக்கொரு மைக் கொடுத்தால் சமன் செய்வது ஒலிக்காரர் கையில் போய்விடும். பாட்டைத் தெரியாத ஒருவர் கையில் அதை விடக் கூடாது.

13. ஸ்ட்ரீமிங்ல ஒரே பாட்டு இருபது தடவை வருது. எது ஒரிஜினல்?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் எளிது. மெர்குரி பதிவுகளின் உரிமை மெர்குரியிடம். குழுவை விட்டு விலகியவர்களும், பின்னால் சேர்ந்தவர்களும், பெயரை மட்டும் வைத்திருந்தவர்களும் அதே பாடல்களை வேறு நிறுவனங்களுக்கு மறுபடி பாடிக் கொடுத்தார்கள். 1960-களின் நடுவில் மியூசிகார் நிறுவனத்துக்குப் போன குழுவும் பழைய பாடல்களை மறுபதிவு செய்தது. மலிவுத் தொகுப்பு போடுகிறவர்களுக்கு இந்த மறுபதிவுகள் குறைந்த விலையில் கிடைத்தன. கேசட் காலத்திலும் சிடி காலத்திலும் "தங்கப் பாடல்கள்" என்று வந்தவற்றில் ஏராளமானவை இவைதான்.

முதலில் பாட்டின் விவரப் பக்கத்தில் பதிவு உரிமை வரியைப் பாருங்கள். வட்டத்துக்குள் பி எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது. மெர்குரி அல்லது இன்றைய உரிமையாளரான யுனிவர்சல் குழுமத்தின் பெயர் இருந்தால் நல்ல அறிகுறி. வேறு பெயர் இருந்தாலே போலி என்று தள்ளிவிட முடியாது. பல நாடுகளில் 1950-களின் பதிவுகளுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் சிறு நிறுவனங்களும் அசல் பதிவை வெளியிடுகின்றன. ஆண்டை நம்பவே வேண்டாம். பெரும்பாலும் அது தொகுப்பு வெளியான ஆண்டு. நீளம் ஓரளவு உதவும்: ஐந்து பெரிய பாடல்களும் ஏறத்தாழ இரண்டரை முதல் இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் அடங்கும்.

கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான். "ஒன்லி யூ"வின் முதல் சொல்லைக் கேளுங்கள். மறுபதிவுகளில் அந்த உடைவு மிகைப்படுத்தப்பட்டிருக்கும், அல்லது மழுங்கியிருக்கும். டிரம்ஸ் தெளிவாக முன்னால் கேட்டால், மின்சார பேஸ் கிடார் தடிமனாக ஒலித்தால், 1955 அல்ல. சந்தேகம் தீராவிட்டால் மெர்குரி 1960-ல் வெளியிட்ட "என்கோர் ஆஃப் கோல்டன் ஹிட்ஸ்" தொகுப்பின் பெயரில் தேடி, அதிலிருந்து ஒப்பிடுங்கள்.

14. என்கிட்ட இருக்கிற "ஒன்லி யூ" ஸ்டீரியோல இருக்கு. அது எப்படி?

மெர்குரியின் 1955, 1956 தனித்தட்டுகள் ஒற்றைத்தட ஒலி, அதாவது மோனோ. ஆகவே மூன்று சாத்தியம். ஒன்று, கேள்வி 13-ல் சொன்ன மறுபதிவு. இரண்டு, மோனோவை எடுத்துத் தாழ்ந்த ஒலியை ஒரு பக்கமும் உயர்ந்த ஒலியை மறுபக்கமும் தள்ளிய போலி ஸ்டீரியோ. 1960-களில் எல்பி (நீள்தட்டு) மறுவெளியீடுகளில் இது பரவலாக நடந்தது. ஹெட்ஃபோனில் ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் கீச்சென்றும் கேட்டால் அதுதான். மூன்று, கணினி மென்பொருளால் குரலையும் கருவிகளையும் பிரித்துச் செய்த அண்மைக்கால வேலை. இவற்றில் குரலின் விளிம்புகளில் நீருக்குள் கேட்பதுபோன்ற நெளிவு தெரியும்.

மோனோவையே தேடிக் கேளுங்கள். ஐந்து குரலும் ஒரே புள்ளியிலிருந்து வரும்போதுதான் அந்த இழைவு முழுமையாகக் கிடைக்கும்.

15. வீட்டுல பழைய 78 தட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. இப்ப இருக்கிற பிளேயர்ல போடலாமா?

வேகம் 78 இருந்தால் மட்டும் போதாது, ஊசியும் வேறு. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு 3 மில், அதாவது சுமார் 76 மைக்ரான் முனை வேண்டும். எல்பிக்கான ஸ்டீரியோ ஊசி 0.7 மில்தான். அதைப் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடந்து, அழுக்கையும் கீறலையும் படிக்கும். இரைச்சல் கூடும், ஊசியும் கெடும். ஊசியைத் தாங்கும் உங்கள் காட்ரிட்ஜுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அழுத்தத்தை அந்த ஊசியோடு வரும் குறிப்பின்படி வையுங்கள். வழக்கமாக 3 முதல் 5 கிராம்.

துடைக்க ஸ்பிரிட்டோ ஆல்கஹால் கலந்த திரவமோ வேண்டவே வேண்டாம், தட்டில் உள்ள ஷெல்லாக் என்ற அரக்கு கரைந்துவிடும். வடிநீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, லேபிள் நனையாமல் உடனே உலர்த்துங்கள். பதிவு செய்தபின் இரண்டு தடத்தையும் மோனோவாகக் கலந்தால் இரைச்சல் கணிசமாகக் குறையும். 45 வேகத்து ஏழங்குலத் தட்டாக இருந்தால் நடு ஓட்டை பெரிது. ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் போதும். அதற்கு 78 ஊசி கூடாது.

பின்பக்கத்தையும் போட்டுக் கேளுங்கள். "மை பிரேயர்" தட்டின் மறுபக்கம் "ஹெவன் ஆன் எர்த்". தனியாகவே நிற்கத்தக்க பாட்டு. "ஒன்லி யூ"வின் மறுபக்கம் "பார்க், பேட்டில் அண்ட் பால்", துள்ளல் பாட்டு. இதே குழுவா என்று ஆச்சரியமாக இருக்கும்.

16. 1960க்கு அப்புறம் ஏன் ஹிட் குறைஞ்சுபோச்சு?

1959 ஆகஸ்ட்டில் சின்சினாட்டி நகரில் குழுவின் ஆண்கள் நால்வரும் கைதானார்கள். வழக்கில் விடுதலையானார்கள். ஆனால் அதற்குள் பல வானொலி நிலையங்கள் இவர்கள் தட்டுகளைப் போடுவதை நிறுத்திவிட்டன. குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்தபின்பும் பழைய இடம் முழுதாகத் திரும்பவில்லை. நிறம் பார்த்துச் செய்த அநியாயம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே டோனி வில்லியம்ஸ் தனியாகப் பாடப் போய்விட்டார். ஒரு குரலைச் சுற்றிக் கட்டிய குழுவுக்கு இரண்டாவதே பெரிய அடி. கையிருப்பில் இருந்த அவருடைய பதிவுகளை மெர்குரி அதன்பின்னும் வெளியிட்டுக்கொண்டிருந்தது.

17. அப்போ சானி டர்னர் பாடினதெல்லாம் போலியா?

இல்லை. டோனிக்குப் பிறகு முறையாக வந்த முன்னணிப் பாடகர் அவர். "ஐ லவ் யூ 1000 டைம்ஸ்" (1966), "வித் திஸ் ரிங்" (1967, பாப் பட்டியலில் 14) இரண்டும் அவர் குரலில் வந்த உண்மையான வெற்றிகள். நடையும் வேறு: தாளம் முன்னால் வருகிறது, டெட்ராய்ட் பக்கத்து சோல் இசையின் துடிப்பு இருக்கிறது. இவற்றைத் தனியாக ரசிக்கலாம். சிக்கல் அவர் குரலில் வந்த "ஒன்லி யூ"வை 1955 பதிவு என்று விற்கும்போதுதான்.

18. இப்பவும் "பிளாட்டர்ஸ்" கச்சேரினு விளம்பரம் வருதே, அவங்க யாரு?

பழைய ஐவரில் யாரும் இன்று இல்லை. லிஞ்ச் 1981, ரோபி 1989, வில்லியம்ஸ் 1992, டெய்லர் 2007, கடைசியாக ஹெர்ப் ரீட் 2012. குழுவை 1990-ல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் சேர்த்தார்கள்; அப்போது ஐவரில் மூவர்தான் உயிரோடு இருந்தார்கள்.

பெயர்ச் சண்டை பல பத்தாண்டுகள் நீண்டது. 1956-ல் ஃபைவ் பிளாட்டர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் பெயரின் உரிமை அதற்கே என்று வைத்தார்கள். விலகிய ஒவ்வொருவரும் தனித்தனியாகப் "பிளாட்டர்ஸ்" நடத்த, வழக்குமேல் வழக்கு வந்தது. ஹெர்ப் ரீட் தன் கடைசி ஆண்டுகள்வரை நீதிமன்றத்தில் இதற்காகப் போராடினார். அசல் உறுப்பினர் இல்லாமல் பழைய குழுப் பெயரில் மேடையேறுவதைக் கட்டுப்படுத்த அமெரிக்க மாநிலங்கள் பல சட்டம் கொண்டுவந்தன. சுப்ரீம்ஸ் குழுவின் மேரி வில்சன் அதற்காக முன்னின்று உழைத்தார். டிக்கெட் வாங்கும்முன் யாருடைய அனுமதியில் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்று விளம்பரத்தில் பாருங்கள். பாட்டு நன்றாக இருக்கலாம். அது பழைய குரல் அல்ல என்று தெரிந்து போக வேண்டும்.

19. 80கள்ல வந்த "ஒன்லி யூ" இதோட ரீமேக்தானே?

இல்லை, பெயர் மட்டும் ஒன்று. 1982-ல் யாஸூ இருவர் குழு பாடியது வின்ஸ் கிளார்க் எழுதிய தனிப் பாட்டு. அதை 1983-ல் ஃப்ளையிங் பிக்கெட்ஸ் குழு வாத்தியமே இல்லாமல் பாடிப் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. குரல் குழு என்பதால் பலர் அதைப் பிளாட்டர்ஸ் பாட்டின் மறுவடிவம் என்று நினைக்கிறார்கள்.

இந்த "ஒன்லி யூ"வின் நன்கு அறியப்பட்ட மறுவடிவம் ரிங்கோ ஸ்டார் 1974-ல் பாடியது. அமெரிக்காவில் 6-ம் இடம்வரை போனது. உச்சத்துக்குப் போகாமல், பேசுவதுபோல் பாடித் தப்பித்திருக்கிறார். குறைந்த குரல் எல்லை உள்ளவர்களுக்கு நல்ல முன்மாதிரி. "தி கிரேட் பிரிடெண்டர்" பாட்டை 1987-ல் ஃபிரெடி மெர்குரி பாடினார், பிரிட்டனில் 4-ம் இடம். அவர் நேர் எதிர்: எல்லாவற்றையும் பெரிதாக்குகிறார். பாட்டின் கருத்தே நடிப்பு என்பதால் அதுவும் பொருந்துகிறது.

20. பெரிய ஹிட்ஸ் எல்லாம் கேட்டாச்சு. அடுத்து என்ன?

"யூ'ல் நெவர் நெவர் நோ" (1956) முதலில். "தி கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்" படத்தில் இதைப் பாடுகிறார்கள். அதே ஆண்டு வந்த "ராக் அரவுண்ட் தி கிளாக்" படத்தில் "ஒன்லி யூ", "தி கிரேட் பிரிடெண்டர்" இரண்டும் உண்டு. கேள்வி 12-க்காக வந்தவர்கள் இந்த இரண்டு படக் காட்சிகளையும் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எப்போது அசைகிறார்கள் என்பது பிடிபடும்.

பிறகு "ஐ'ம் சாரி" (1957), "என்சான்டட்" (1959, பாப் பட்டியலில் 12), மேலே சொன்ன "ஹெவன் ஆன் எர்த்". "என்சான்டட்" ஏன் இன்னும் பெரிதாகப் பேசப்படவில்லை என்பது எங்களுக்கு வருத்தம். "ஸ்மோக்" வந்த நிழலில் வெளியானதால் அதற்கு வெளிச்சம் கிடைக்கவில்லை. ஒற்றைத்தட்டுகள் முடிந்தால் 1956-ல் மெர்குரி வெளியிட்ட "தி பிளாட்டர்ஸ்" எல்பியை முழுதாகக் கேளுங்கள்.